கோயில் இணையதளம் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு அறக்கட்டளை இருக்கிறது, இணையதளமும் இருக்கிறது. ஆனாலும் விவரம் கேட்டு நாள் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. தளத்தைப் புதிதாக வடிவமைத்து, செயலியும் நேரலைத் தரிசனமும் சேர்த்துத் தர ஒருவர் 1,80,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (அறக்கட்டளைச் செயலாளர் ஒருவர்)

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் பொங்கல் வைக்க வரும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுங்கள்.

வருகிற அழைப்புகளை இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து பேசினார், என்ன கேட்டார், அவ்வளவு போதும். நடை எப்போது திறக்கும், பூசாரி இருப்பாரா, காது குத்துக்கு மண்டபம் கிடைக்குமா, வாடகை எவ்வளவு, தலைக்கட்டு வரியை எங்கே கட்டுவது, ஆரப்பாளையத்தில் எந்த பஸ் ஏற வேண்டும்: பெரும்பாலும் இவைதான் இருக்கும். முகப்புப் பக்கத்தில் இவற்றுக்கு இதே வரிசையில் விடை இருந்தால் பாதி அழைப்பு நின்றுவிடும்.

நீங்கள் அனுப்பிய முகவரியைத் திறந்து பார்த்தேன். திறந்ததும் பக்திப் பாட்டு அலறுகிறது. பஸ்ஸில் இருப்பவர் பதறிப்போய் மூடிவிடுவார். அடுத்து தலவரலாறு, அதற்கும் கீழே அறங்காவலர்களின் மாலை போட்ட படங்கள். நடை நேரத்தைத் தேடினால் திருவிழா அழைப்பிதழின் புகைப்படத்துக்குள் ஒளிந்திருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடுபொறிக்குச் சரியாக எட்டாது. மற்றப் பக்கங்கள் பழைய எழுத்துருவில் இருப்பதால், கோயில் பெயரைத் தமிழில் தட்டினாலும் உங்கள் தளம் வருவதில்லை. எல்லாவற்றையும் யூனிகோடில், அதாவது தேடுபொறிக்கும் புரியும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில், தட்டச்சு செய்து போடுங்கள். தட்டச்சு தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு வார வேலை. கூகுள் மேப்பில் கோயிலின் நேரமும் போன் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பலர் அதைப் பார்த்துவிட்டே கிளம்பிவிடுகிறார்கள்; தளத்துக்கு வருவதே இல்லை.

இனி நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்ட விஷயம். உங்கள் டொமைன் பெயர், அதாவது அந்த இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? ஆண்டுக் கட்டண நினைவூட்டல் யார் மின்னஞ்சலுக்குப் போகிறது? ‘அதெல்லாம் தளம் செய்தவரே பார்த்துக்கொள்கிறார்’ என்பது உங்கள் பதில் என்றால், கோயில் வாசல் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது என்று அர்த்தம். மேலூர்ப் பக்கம் ஒரு கோயிலுக்குக் கைங்கரியம் என்று சொல்லி ஒருவர் இலவசமாகவே தளம் செய்து கொடுத்தார். முகவரியைத் தன் பெயரில் வாங்கியிருந்தார். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கட்டணம் கட்டாமல் முகவரி கைமாறியது. அழைப்பிதழில் அச்சடித்த முகவரியைத் தட்டியவர்களுக்கு ரம்மி விளம்பரம்தான் தரிசனம் தந்தது. என்னிடம் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

காணிக்கைக்குத் தனியாகப் பேமென்ட் கேட்வே, அதாவது தளத்திலேயே பணம் வாங்கித் தரும் சேவை, வைக்க வேண்டும் என்பார்கள். அறக்கட்டளை வங்கிக் கணக்கின் கியூ.ஆர். குறியீட்டைப் போட்டாலே போதும். யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் கிடையாது. கணக்கு அறக்கட்டளை பெயரில்தான் இருக்க வேண்டும்; பொருளாளரின் மைத்துனர் பெயரில் அல்ல. அந்தக் குறியீட்டை வாங்க வங்கிக்கு நாலு முறை நடப்பீர்கள். தீர்மான நகல், பத்திர நகல், மறுபடியும் தீர்மான நகல். நானும் நடந்திருக்கிறேன்.

‘சிங்கப்பூர்ப் பங்காளிகளும் அனுப்பலாமே’ என்று வெளிநாட்டு வங்கி அட்டையில் பணம் கட்டும் பொத்தானையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். இங்கே நிதானமாகக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பங்காளி எந்த நாட்டில் வேலை பார்த்தாலும், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவருடைய கூடப் பிறந்த தம்பி சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்புதான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே குலதெய்வம். சட்டம் பார்ப்பது பாஸ்போர்ட்டை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக் கூடாது. அது கிடைத்தாலும், உசிலம்பட்டிக் கோயிலுக்கு வரும் ஐயாயிரம் ரூபாய் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் இறங்கித்தான் இங்கே வர வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் உசிலம்பட்டியைப் பார்த்திருக்க மாட்டார். தம்பி ஊருக்கு வந்து உண்டியலில் போட்டாலும் கணக்கு இதேதான். ஆகவே அந்தப் பொத்தானே வேண்டாம்.

தளம் செய்தவருக்கு இன்றே கடிதம் எழுதி, டொமைனை அறக்கட்டளை பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கடவுச்சொல்லையும் எழுத்தில் வாங்குங்கள். மாசி சிவராத்திரி நெருங்கிவிட்டால் உங்களில் ஒருவருக்கும் இதற்கு நேரம் இருக்காது. அது அவருக்கும் தெரியும்.