கணிதம் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர் பன்னாட்டுப் பொருளியல் படிக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் இளங்கலைப் பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகக் கணிதம் படித்ததோடு சரி. அளவியல் முறைகளுக்கு முக்கியத்துவம் தரும் பன்னாட்டுப் பொருளியல் முதுகலைப் படிப்பில் சேர விரும்புகிறேன். என்னால் சமாளிக்க முடியுமா? எங்கே விண்ணப்பிப்பது? வெளிநாட்டுக்கு மூன்றாண்டுப் பட்டம் போதுமா?

பதில்: சமாளிக்கலாம், ஆனால் சேர்வதற்கு முன் ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு தேவைப்படும். நீங்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்நிலை வகுப்பின் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடத்தில் அணிகள், தொகை நுண்கணிதம், நிகழ்தகவுப் பரவல்கள் எல்லாம் உண்டு. மூன்றாண்டுகள் தொடாமல் விட்டதால் மறந்திருக்குமே தவிர, புதிதாகக் கற்க வேண்டியவை அல்ல.

அளவியல் முறைகள் என்று பாடத்திட்டங்கள் சொல்வது எதை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவது நல்லது. பலரும் அதை வரைபடம் போடுவது, சராசரி கணக்கிடுவது என்ற அளவிலேயே எண்ணிக்கொண்டு சேர்ந்து, முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள். திருப்பூரிலிருந்து கப்பலேறும் பருத்தி டி-சர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சுங்கத் துறைகள் பின்பற்றும் வகைப்பாட்டில் அதன் எண் 610910: முதல் இரண்டு இலக்கங்கள் பின்னலாடையையும், நான்கு இலக்கங்கள் சேர்ந்து டி-சர்ட், பனியன் வகையையும், ஆறும் சேர்ந்து பருத்தியால் ஆனதையும் குறிக்கும். ஐக்கிய நாடுகள் சபையின் காம்ட்ரேட் தரவுத்தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால், எந்த நாடு எந்த நாட்டுக்கு எந்த ஆண்டில் எவ்வளவு டாலருக்கு அனுப்பியது என்ற அட்டவணை கிடைக்கும்.

இரு நாடுகளின் வணிகம் அவற்றின் பொருளாதார அளவுக்கு ஏற்பக் கூடும், இடையிலுள்ள தூரத்துக்கு ஏற்பக் குறையும் என்ற ஈர்ப்பு மாதிரியை டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962-இல் பயன்படுத்தினார். சமன்பாட்டின் இருபுறமும் மடக்கை எடுத்தால் அது நேர்கோடாகிவிடும். நீங்கள் கல்லூரியில் படித்த தொடர்புப் போக்கு முறையே மதிப்பிடப் போதும் என்று தோன்றும். ஆனால் அட்டவணையில் பல கட்டங்களில் பூஜ்யம் இருக்கும், பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. அந்தக் கட்டங்களை நீக்கினால் வணிகம் செய்யாதவர்களைப் பற்றிய தகவல் முழுவதும் போய்விடும். எல்லா மதிப்புகளோடும் ஒன்றைக் கூட்டிச் சமாளித்தால், டாலரில் கணக்கிட்டபோது ஒரு விடையும் ஆயிரம் டாலரில் கணக்கிட்டபோது வேறொரு விடையும் வரும். பூஜ்யங்களே இல்லாவிட்டாலும், பிழைகளின் சிதறல் சீராக இல்லாதபோது மடக்கை எடுப்பதே மதிப்பீட்டைத் திரித்துவிடும் என்று பொருளியலாளர்கள் சாண்டோஸ் சில்வாவும் டென்ரேரோவும் 2006-இல் காட்டி, மடக்கை எடுக்காமல் பூஜ்யங்களையும் அப்படியே ஏற்கும் பாய்சான் முறையைப் பரிந்துரைத்தார்கள். இன்று வணிக ஆய்வுகளில் அதுவே வழக்கமாகிவிட்டது.

இதற்கு முன்பே வேறொரு பாடமும் கிடைத்திருந்தது. கனடாவின் மாகாணங்கள், அமெரிக்க மாநிலங்களோடு செய்வதைப் போல 22 மடங்கு வணிகத்தைத் தமக்குள் செய்துகொள்கின்றன என்று மெக்கல்லம் 1995-இல் எழுதியபோது பொருளியலாளர்கள் வியந்தார்கள். இரு நாடுகளின் வணிகம் அவற்றிடையே உள்ள தடையை மட்டுமல்லாமல், மற்ற எல்லா நாடுகளோடும் அவற்றுக்குள்ள தடைகளையும் பொறுத்தது என்பதைக் கணக்கில் சேர்த்த ஆண்டர்சனும் வான் வின்கூப்பும், தொழில்வள நாடுகளுக்கிடையே எல்லைகள் வணிகத்தை 20 முதல் 50 சதவீதம் வரை மட்டுமே குறைக்கின்றன என்று 2003-இல் மதிப்பிட்டார்கள். கோட்பாடு தெரியாமல் தரவை ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வகுப்பில் சொன்னதில்லை.

ஆகவே நிறுவனத்தைத் தேடும்போது பட்டத்தின் பெயரில் ‘பன்னாட்டு’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பொருளாதார அளவையியல் (எக்கனாமெட்ரிக்ஸ்) எத்தனை பருவங்களில் வருகிறது, அது அணி வடிவில் நடத்தப்படுகிறதா, ஆய்வேடு கட்டாயமா என்று பாருங்கள். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நடத்தும் அளவுசார் பொருளியல் முதுகலைப் படிப்பின் பெயரில் பன்னாட்டு வணிகம் இல்லை, ஆனால் அங்கே பெறும் அடித்தளத்தோடு எந்தத் துறைக்கும் போகலாம். அதன் நுழைவுத் தேர்வு கடினமானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உலகப் பொருளாதாரத்தையே மையமாகக் கொண்ட முதுகலைப் படிப்பு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், வணிகமும் நிதியும் சேர்ந்த படிப்பு இந்திய அயல்வணிக நிறுவனத்திலும் உண்டு. சென்னைப் பொருளியல் பள்ளியையும், உங்களுக்குச் சென்னையைவிடப் பக்கமாக இருக்கும் திருவனந்தபுரத்தில் 1970-இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தையும் விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் நான்காண்டு இளங்கலையை எதிர்பார்க்கின்றன. ஐரோப்பாவில் மூன்றாண்டுப் பட்டம் பெரும்பாலும் செல்லும். 1927-இல் நிறுவப்பட்ட ஜெனீவா பட்டமேற்படிப்பு நிறுவனத்தில் பன்னாட்டுப் பொருளியலுக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஜெர்மனியில் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவது மதிப்பெண் குறைவால் மட்டும் அல்ல. கணிதம், புள்ளியியல், அளவையியல் ஆகியவற்றில் எத்தனை கிரெடிட் படித்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். கல்லூரியை விட்டு வெளியேறும் முன்பே, ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்தையும் துறைத்தலைவரின் கையொப்பமும் முத்திரையுமாக ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்காக அலைவது பெரும்பாடு. உங்கள் நிலையில் இருப்பவர் இந்தியாவில் முதுகலையை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு வெளியே செல்வதே சிக்கனமும் பாதுகாப்பும் என்பது என் கருத்து.

தயாரிப்பு ஆண்டில் பல மாறிகளின் வகை நுண்கணிதம், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட உச்சப்படுத்தல், ஐகன் மதிப்புகள் வரையிலான நேரியல் இயற்கணிதம், நிபந்தனைக்குட்பட்ட எதிர்பார்ப்பு வரையிலான நிகழ்தகவு என்ற வரிசையில் செல்லுங்கள். இடையிடையே, இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். பின்தங்கிய நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் தீர்வையற்ற சலுகையின் விதி 2011-இல் தளர்த்தப்பட்டு, இறக்குமதித் துணியில் தைத்த ஆடைக்கும் சலுகை கிடைத்தது. வங்கதேசத்தின் ஏற்றுமதி அதன்பின் ஐரோப்பாவுக்கு எப்படி மாறியது, அத்தகைய சலுகை தராத அமெரிக்காவுக்கு எப்படி மாறியது என்று ஒப்பிடுங்கள். இதில் சுங்க வகைப்பாட்டின் 61-ஆம் அத்தியாயப் பின்னலாடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்: பின்னல் துணியைப் பெரும்பாலும் உள்நாட்டிலேயே செய்துகொண்ட வங்கதேசம், நெய்த துணிக்குத்தான் இறக்குமதியை நம்பியிருந்தது, ஆகவே மாற்றத்தை நெய்த துணி ஆடைகளுக்கான 62-ஆம் அத்தியாயத்தில் தேட வேண்டும். இந்தப் பயிற்சியை நான்கு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டால், விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்கக் கட்டுரையில் சிறுவயது முதலே பொருளியலில் ஆர்வம் என்று தொடங்க வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது.