மூட்டு வலி உள்ள அம்மாவோடு சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு மாலை நடை

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 64 வயது, மூட்டு வலி. அப்பாவுக்கு 70, சர்க்கரை உண்டு. மூணு நாள் சிங்கப்பூர் போகிறோம். ஒரு நாள் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆற்றங்கரை, மரினா பே எல்லாம் வழிகாட்டியோடு நடந்தே பார்க்கும் டூர் இருக்கிறதாம். எடுக்கலாமா, நாங்களே போய்க்கொள்ளலாமா? அம்மா, 'கிரிவலமே நடந்தவ நான், இது என்ன பெருசு' என்கிறார். எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம், என்ன கேட்டு புக் பண்ண வேண்டும்?"

முதலில் அம்மாவின் கிரிவலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வேலூர், ஆரணி, குடியாத்தம் பக்கத்திலிருந்து நான் அழைத்துப் போகும் குழுக்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நடந்தது உண்மைதான். ஆனால் அங்கே நம் கால் சொல்லும் வேகத்தில் நடக்கிறோம், வலித்தால் ஒரு லிங்கத்துக்கு எதிரே உட்காருகிறோம், ஒரு டீ குடித்துவிட்டு எழுந்திருக்கிறோம். வழிகாட்டியோடு போகும் நடையில் தூரம் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் நின்றபடி கதை கேட்க வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கொடுமை. அதனால் "எத்தனை கிலோமீட்டர்" என்று கேட்பதற்கு முன்னால் "எங்கெங்கே உட்கார வைத்துப் பேசுவீர்கள்" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு உடனே இடம் சொல்லிப் பதில் தருகிறவர் வயதானவர்களோடு நடந்து பழகியவர். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்கிறவரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது நேரம். சிங்கப்பூர் பூமத்தியரேகைக்கு மிக அருகில் இருப்பதால் வருஷம் முழுக்கச் சூரியன் மறைவது மாலை 7 மணியை ஒட்டித்தான். நம் ஊர் மாதிரி டிசம்பரில் சீக்கிரம் இருட்டாது. இதைக் கவனிக்காமல் "நைட் டூர்" என்ற பெயரைப் பார்த்து எட்டு மணிக்குத் தொடங்குவதை எடுத்தீர்கள் என்றால், வெறும் இருட்டில் விளக்குகளை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். ஆறு மணிக்குத் தொடங்குங்கள். வெயில் தணிந்திருக்கும், கட்டடங்கள் என்ன நிறம், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அப்புறம் ஏழேகால் வாக்கில் வானம் கருநீலமாகும்போது விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். அந்த இருபது நிமிஷம்தான் இந்த நடையின் உயிர். போட்டோ எடுப்பதானாலும் அப்போதுதான் எடுக்க வேண்டும், முழு இருட்டில் முகமும் வராது, பின்னணி விளக்குகளும் வெறும் வெள்ளையாக வெளுத்துப் போகும்.

ஒருமுறை நான் எட்டு மணி நடைக்கு ஒரு குடும்பத்தை அனுப்பி வைத்து, நானும் கூடப் போனேன். அந்த வழிகாட்டி மரினா பேயில் நடக்கும் ஒன்பது மணி ஒளிக் காட்சியைப் பிடிக்க வேண்டும் என்று எல்லோரையும் ஏறக்குறைய ஓட வைத்தார். கூட வந்த பாட்டி ஒருவர் பாலத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். காட்சியையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதிலிருந்து தொடங்கும் நேரத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, வழிகாட்டி வேண்டுமா? என் பதில்: ஆற்றுக்கு வேண்டும், மரினா பேக்கு வேண்டாம். மரினா பேயில் இருப்பது எல்லாம் பார்த்தவுடன் தெரிவது. மூன்று கோபுரத்தின் மேல் கப்பல் வைத்த மாதிரி மரினா பே சாண்ட்ஸ் ஓட்டல், சிங்கத் தலையும் மீன் உடலுமாக வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் மெர்லயன் சிலை, முள் முள்ளான டுரியன் பழம் மாதிரி எஸ்பிளனேட் கலையரங்கம். இவற்றுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். ஆனால் ஆற்றங்கரையில் வழிகாட்டி இல்லாமல் நடந்தால் அழகான ஒரு ஓட்டல் வரிசையைத் தாண்டிப் போன மாதிரிதான் இருக்கும்.

அந்த இடம் யார் கட்டியது, யார் வியாபாரம் செய்தது என்று தெரிந்தால் அப்பா அம்மா நின்று பார்ப்பார்கள். கெவனா பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1869இல் கட்டியது, இரும்புக் கம்பிகளில் தொங்கும் பாலம். நம் நாட்டிலிருந்து கைதிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் உழைப்பில் எழுந்த கடைசிப் பெரிய வேலை அது என்பார்கள். 1867 வரை சிங்கப்பூரை ஆண்டது கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேய ஆட்சி, அதனால்தான் கைதிகள் சிங்கப்பூருக்குப் போனார்கள். பாலத்தின் முனையில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது, மாடும் குதிரையும் இந்தப் பாலத்தில் போகக் கூடாது என்று. பக்கத்திலேயே செட்டியார் ஒருவர் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிற்பக் குழு. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி என்னும் தொழில் கூடம் வைத்து வட்டிக்குக் கடன் கொடுத்த நகரத்தார் காலத்திலிருந்து இன்றைய வங்கிக்காரர்கள் காலம் வரை காட்டுவது அந்தச் சிற்பம். அதற்குப் பின்னாலேயே இன்றைய வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள் விளக்கேற்றி நிற்கும். பார்க்கிற இடத்திலேயே அந்தக் கதை முழுக்க இருக்கிறது, சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பாலாற்றங்கரைக்காரர்களான நமக்கு மட்டும் உறைக்கும் விஷயம். அந்த ஆறு ஒரு காலத்தில் நாறிய ஆறு. பன்றிப் பண்ணைக் கழிவு, சாப்பாட்டுக் கடைக் கழிவு, படகுகளின் எண்ணெய் எல்லாம் அதில்தான் விழுந்தது. 1977இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ பத்து வருஷத்தில் சுத்தம் செய்ய வேண்டும் என்றார், 1987இல் முடித்தார்கள். சரக்குப் படகுகளை 1983இல் அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். 2008இல் கடல் வாயில் மரினா அணைக்கட்டைக் கட்டினார்கள், இன்று அந்த விளக்குகள் பளபளக்கும் மரினா பே ஒரு நன்னீர்த் தேக்கம், குடிநீருக்கான தண்ணீர். நம் பக்கத்தில் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் பாலாற்றில் விழும் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு கொடுத்தது, 2025இலும் பாலாறு பற்றி மறுபடி தீர்ப்பு வந்தது. வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கெவனா பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கைப் பார்க்கவில்லை. வழிகாட்டியிடம் ஆற்றைச் சுத்தம் செய்த கதையை விடாமல் சொல்லச் சொல்லுங்கள், பலர் அதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இப்போது பாதை. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி போட் கீ பக்கம் வந்தால் எல்ஜின் பாலம். அங்கிருந்து கடைவீட்டு வரிசையை ஒட்டி கெவனா பாலம், பாலம் தாண்டி ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் முன்னால் நல்ல உட்காரும் இடங்கள் உண்டு, இங்கே பதினைந்து நிமிஷம். பிறகு 1910இல் கட்டிய ஆண்டர்சன் பாலம், பழைய தலைமைத் தபால் நிலையமாக இருந்து ஓட்டலான ஃபுல்லர்டன் கட்டடம், அதைத் தாண்டினால் மெர்லயன். படியில்லாத வழியாகக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், உண்டு, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். மெர்லயனில் வழிகாட்டிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அங்கிருந்து ஜூபிலி பாலத்தில் மெல்ல நடந்து எதிர்க்கரையில் எஸ்பிளனேட் திறந்தவெளி அரங்கம். மேலே கூரை, உட்காரப் படிக்கட்டு, எதிரே தண்ணீருக்கு அப்பால் மரினா பே சாண்ட்ஸ். வார இறுதியில் இலவசக் கச்சேரியும் நடக்கும். மொத்தத் தூரம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். அம்மாவுக்கு அது போதும்.

மரினா பே சாண்ட்ஸ் முன்னால் நடக்கும் தண்ணீர் ஒளிக் காட்சி வழக்கமாக இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும், கால் மணி நேரம், இலவசம். எதிர்க்கரையில் உட்கார்ந்து பார்த்தால் தண்ணீரில் விழும் படங்கள் அவ்வளவாகத் தெரியாது, கட்டடத்திலிருந்து பாயும் ஒளிக்கற்றைகள் நன்றாகத் தெரியும். நெருக்கத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஹீலிக்ஸ் பாலம் வழியாக இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், அல்லது டாக்சி. நீங்களும் அப்பாவும் மட்டும் போய்விட்டு வாருங்கள். 280 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் மரபணு முறுக்கிய மாதிரி இருக்கும், இரவில் அதில் அந்த மரபணுவைக் குறிக்கும் எழுத்துகள் சிவப்பிலும் பச்சையிலும் எரியும். கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை தி பே) மரக்கோபுர ஒளிக் காட்சியையும் (7.45, 8.45) அதே மாலையில் திணிக்காதீர்கள். அது இன்னொரு நாளைக்கு. மூன்று நாளில் ஒரு மாலை ஆற்றுக்கு, ஒரு மாலை தோட்டத்துக்கு என்று பிரித்தால் யாருக்கும் கால் வீங்காது. காட்சி நேரங்களைக் கிளம்பும் வாரத்தில் ஒரு தரம் சரிபாருங்கள்.

புக் பண்ணும்போது கேட்க வேண்டியது. சிங்கப்பூரில் பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்ட வேண்டுமானால் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும், அந்த அட்டையை அவர்கள் மாட்டியிருப்பார்கள். அது இருக்கிறதா? தமிழில் பேசுவாரா? உரிமம் உள்ள தமிழ் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், அப்பா அம்மாவுக்கு அதுதான் முக்கியம், நீங்கள் மொழிபெயர்த்துக்கொண்டே நடந்தால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. குழுவில் எத்தனை பேர்? பத்துப் பேருக்கு மேல் என்றால் மெதுவாக நடக்கிறவர்கள் எப்போதும் கதையின் கடைசி வரியைத்தான் கேட்பார்கள். முடிந்தால் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒருவரை அமர்த்துங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது கூட வந்தால் செலவு பிரியும். மழை வந்தால் என்ன செய்வார்கள், பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம், மற்ற மாதங்களிலும் சாயங்காலம் திடீரென்று கொட்டும். செப்டம்பர், அக்டோபரில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் நாட்களில் அந்தச் சாலைகளே அடைத்திருக்கும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் சர்க்கரை. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். இரவு 8 மணி என்றால் அவர் உடம்புக்கு மாலை ஐந்தரைதான், பசி தெரியாது, "வந்து சாப்பிட்டுக்கலாம்" என்பார். விடாதீர்கள். சிங்கப்பூர் நேரம் ஐந்தரைக்கே இரண்டு இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட வைத்துக் கிளம்புங்கள், மாத்திரையையோ ஊசியையோ எந்த நேரக் கணக்கில் எடுப்பது என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், பையில் பிஸ்கட் இருக்கட்டும். எம்ஆர்டி ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் எடுத்துப் போனால் போதும். வீட்டில் யாராவது வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் என்றால், மெல்லும் புகையிலை அங்கே தடை, பெட்டியில் ஒரு பொட்டலம்கூட வேண்டாம்.

சென்னையிலிருந்து ராத்திரி விமானத்தில் போய் விடியற்காலையில் இறங்கிய அன்றைக்கே இந்த நடையை வைக்காதீர்கள். இரண்டாம் நாள் மாலைக்கு வையுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, அம்மாவை வேலூர்க் கோட்டை அகழி ஓரப் பூங்காவுக்கு மாலையில் கூட்டிப் போங்கள். அங்கே போட்டுக்கொள்ளப் போகும் அதே செருப்போடு. கால் மணி நடை, பத்து நிமிஷம் உட்காராமல் நின்று பேச்சு, மறுபடி கால் மணி நடை. அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மா கால் மாற்றி மாற்றி நிற்கிறாரா என்று பாருங்கள். அப்படி என்றால் மடித்துப் பையில் வைக்கும் சின்ன முக்காலி ஒன்று வாங்கிவிடுங்கள், அம்மா வெட்கப்பட்டாலும் எடுத்துப் போங்கள்.

அன்றைக்கு அம்மாவால் முடியவே இல்லை என்றால் கவலைப்படாதீர்கள். கிளார்க் கீயில் அந்தப் பழைய சரக்குப் படகு மாதிரியே செய்த படகுகள் இருக்கின்றன, முப்பது நாற்பது நிமிஷத்தில் இதே பாலங்களுக்கு அடியில் போய் மெர்லயன், மரினா பே சுற்றிக்கொண்டு திரும்பி வரும். ஏழு மணி வாக்கில் ஏறுங்கள். ஏறும் இடத்தில் படகு லேசாக ஆடும், அப்பா முதலில் ஏறிக் கையைக் கொடுக்கட்டும், நீங்கள் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். படகின் முன்பக்கத் திறந்த இடம் கிடைத்தால் அங்கே அம்மாவை உட்கார வையுங்கள்.