முசிறியைத் தேடிய கதை

கேள்வி: பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்புகள் சேரர் துறைமுகமான முசிறி இருந்த தொலைவைக்கூடக் கூறுகின்றன. அப்படியிருந்தும் அதன் இடத்தை அறிய ஏன் இத்தனை காலம் ஆயிற்று?
வாசகர், கரூர்

பதில்: தொலைவு தரப்பட்டிருப்பது உண்மைதான். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு, முசிறி ஓர் ஆற்றங்கரையில் இருந்தது என்றும், திண்டிஸ் என்னும் ஊரிலிருந்து 500 ஸ்டேடியாவும் (ஸ்டேடியா என்பது பழைய கிரேக்கத் தொலைவு அளவு) கழிமுகத்திலிருந்து 20 ஸ்டேடியாவும் தள்ளி இருந்தது என்றும் கூறுகிறது. ஆனால் சேரநாட்டுத் தொண்டி எனக் கருதப்படும் அந்தத் திண்டிஸ் எங்கே இருந்தது என்பதே இன்னும் உறுதிப்படவில்லை. இடம் தெரியாத ஓர் ஊரிலிருந்து எதை அளப்பது? மேலும் முசிறிக்குத் தெற்கேயிருந்த நெல்கிண்டாவுக்கும் அந்நூல் அதே 500 ஸ்டேடியாவையே தருவதைப் பார்த்தால், இவை கயிறு பிடித்து அளந்தவை அல்ல, மாலுமிகள் உத்தேசமாகச் சொன்ன முழு எண்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமியின் நூலோ இந்தியத் தீபகற்பத்தையே தட்டையாக்கிவிட்டதால், அதிலுள்ள பாகைகளை இன்றைய வரைபடத்தில் அப்படியே குறிக்க இயலாது. ஊர்களின் வரிசையை அறிய மட்டும் அது உதவும்.

கேரளத்துப் பெரியாற்றின் முகத்துவாரத்தை வைத்துக் கொடுங்கல்லூரில்தான் முதலில் தேடினார்கள். 1945இலும் 1960களிலும் அங்கு நடந்த அகழாய்வுகளில் இடைக்காலத்துக்கு முற்பட்ட சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆறு தடம் மாறியிருக்கக்கூடும் என்று கருதிய ஆய்வாளர்கள் தெற்கே பார்வையைத் திருப்பினார்கள். வடக்குப் பரவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில், வீட்டுத் தோட்டங்களைத் தோண்டும்போது பழைய செங்கற்களும் மணிகளும் ஓடுகளும் கிடைத்துவந்தன. கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் அங்கு நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் பகுதியின் ஆம்போரா சாடித் துண்டுகளும், செங்கற்களால் கட்டப்பட்ட படகுத்துறையும், சேற்றில் மட்காமல் கிடந்த ஏறத்தாழ 6 மீட்டர் நீள மரத்தோணியும் வெளிப்பட்டன.

‘முசிறி’ என்று பெயர் பொறித்த சான்று கிடைக்காததால், பட்டணமே முசிறி என்னும் முடிவை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். தோணியும் துறையும் ஆம்போராவும் ஒரே இடத்தில் கிடைத்திருப்பதால், பட்டணம் முசிறியின் ஒரு பகுதியாகவேனும் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: நம் சங்கப் பாடல்கள் இதற்கு உதவவில்லையா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிச்சயமாக உதவின. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறியைச் ‘சுள்ளியம் பேரியாற்றோடு’ சேர்த்துப் பாடுகிறது அகநானூற்றின் 149ஆம் பாடல். தொலைவு எதையும் சொல்லாவிட்டாலும், பெரிப்ளஸ் பெயர் கூறாமல் விட்ட ஆற்றுக்கு அது பெயர் தருகிறது.