ஏலத்தில் எடுக்கும் குட்டி ஜெயிக்குமா? குதிரை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவை. தேங்காய், மாங்காய் விற்ற காசில் ரேஸ் குதிரை வாங்கும் ஆசை எல்லைக்கு அந்தப் பக்கம் நன்றாகவே பரவியிருக்கிறது போல. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நாலு பேர் சேர்ந்து ஏலத்தில் ஒரு தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்) குட்டி எடுக்கலாம் என்றிருக்கிறோம். விலை கூடினால் ஜெயிக்கும் வாய்ப்பும் கூடுமா?
— தென்னந்தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை

கூடும். ஆனால் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு அளவுக்குக் கூடாது. 1983இல் அமெரிக்காவின் கீன்லேண்ட் ஏலத்தில் ஸ்னாஃபி டான்சர் என்ற குட்டி 1.02 கோடி டாலருக்குப் போனது. ஒரு ரேஸ்கூட ஓடவில்லை. இனப்பெருக்கத்துக்காவது ஆகும் என்று பார்த்தால் அதிலும் கோளாறு. இரண்டு வருஷம் கழித்து அதே ஏலத்தில் 1.31 கோடிக்குப் போன சியாட்டில் டான்சர் பரவாயில்லை, ஜெயிக்கவாவது செய்தது. அதன் அம்மா வழி அண்ணனான சியாட்டில் ஸ்லூவை 1975இல் வாங்கியவர்கள் கொடுத்தது வெறும் 17,500 டாலர். 1977இல் அமெரிக்காவின் மூன்று பெரிய ரேஸ்களையும் தோல்வியே இல்லாமல் அள்ளியது அது. அம்மா வழி என்று ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில் வரும்.

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு, மலிவான குட்டிதான் ராசி என்று கிளம்பிவிடாதீர்கள். மலிவாகப் போய், பேர் தெரியாமலே மறைந்த ஆயிரக்கணக்கான குட்டிகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. விலை என்பது வம்சம், தோற்றம், விடாப்பிடியான இரண்டு பணக்காரர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மூன்றாவதற்கும் குட்டியின் காலுக்கும் சம்பந்தமில்லை. அப்புறம், வெளிநாட்டில் ஆண் குட்டிக்குக் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி, பின்னாளில் அது பொலிகுதிரையாகி, அதாவது இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரையாகி, சம்பாதிக்கும் என்ற கணக்கு. நம் ஊர் ஸ்டட் ஃபார்ம்களில் (குதிரை இனப்பெருக்கப் பண்ணைகளில்) பெரும்பாலும் இறக்குமதிப் பொலிகுதிரைகள்தான் நிற்கின்றன. எனவே அந்தக் கணக்கை இங்கே போட வேண்டாம்.

குட்டியின் அப்பா டெர்பி ஜெயித்தது, அண்ணனும் ஜெயித்தது என்கிறார்கள். நம்பி இறங்கலாமா?
— மாந்தோப்பு விவசாயி, முதலமடை

மாங்கொட்டை போட்டு முளைத்த செடி தாய் மரத்தின் பழத்தையே தராது என்பது முதலமடைக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குதிரையில் ஒட்டுக்கட்டவும் வழியில்லை.

1988இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த இருவர் தரோபிரெட்களின் தர மதிப்பெண்களை ஆராய்ந்து, குதிரைக்குக் குதிரை உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பரம்பரை என்று கண்டார்கள். 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் வாழ்நாள் பரிசுத்தொகையை எடுத்துக்கொண்டு பார்த்தபோது அது பத்து சதவீதம் அளவில் நின்றது. மீதியெல்லாம் தீனி, பயிற்சி, டிரெயினர், ஜாக்கி, காயம், அதிர்ஷ்டம். பொலிகுதிரைக்கு வாங்கும் கட்டணம் அதன் மரபணுத் தரத்துக்கு நல்ல அளவுகோல் இல்லை என்றும் அவர்கள் சொன்னார்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். ரேஸ் உலகத்தில் ஒரே அம்மாவுக்குப் பிறந்தவற்றை மட்டும்தான் அண்ணன் தம்பியாக எண்ணுவார்கள். ஒரு பொலிகுதிரைக்கு நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் இருக்கும், அதைக் கணக்கில் எடுத்தால் ஊரே அண்ணன்தான். எனவே முதலில் அம்மா யார் என்று கேளுங்கள். அப்புறம் கேட்டலாக்கில் தடித்த எழுத்தில் இருக்கும் பெயர்களை விட்டுவிட்டு, எழுதாமல் விட்டதைத் தேடுங்கள். அந்தத் தாய் எத்தனை குட்டி போட்டது, அதில் எத்தனை ஓடின, எத்தனை ஜெயித்தன? எட்டு குட்டியில் ஒன்று ஜெயித்திருந்தாலும் கேட்டலாக்கில் அந்த ஒன்றுதான் பளிச்சென்று தெரியும்.

சுழி சுத்தம் பார்த்து வாங்கலாமா?
— வாசகர், வேலந்தாவளம்

பாருங்கள், மனசுக்கு நிம்மதி. வேகத்துக்கும் சுழிக்கும் சம்பந்தமில்லை. சுழி சரியில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிய நல்ல குட்டி உங்களுக்கு மலிவாகக் கிடைத்தால் அதுவும் ஒரு லாபம்.

ஏலத்துக்கு முன் ஓடவிட்டு வீடியோ காட்டுகிறார்கள். அதில் வேகமாக ஓடுவதை எடுத்தால் போதாதா?
— கல்லூரி மாணவர், மீனாட்சிபுரம்

2006 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் தி கிரீன் மங்கி என்ற இரண்டு வயதுக் குதிரை ஒரு ஃபர்லாங்கை, அதாவது சுமார் 200 மீட்டரை, 9.8 விநாடியில் ஓடிக் காட்டியது. பார்த்தவர்கள் அசந்துபோய் 1.6 கோடி டாலர் வரை ஏற்றிவிட்டார்கள். வாழ்நாளில் மூன்றே ரேஸ். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை.

ஒரு ஃபர்லாங் ஓட்டம் மூச்சைச் சோதிப்பதே இல்லை. நம் ஊர் ரேஸ்கள் பெரும்பாலும் 1000 மீட்டரும் அதற்கு மேலும்தான், மும்பையில் நடக்கும் இந்தியன் டெர்பி 2400. வீடியோவில் விநாடியைப் பார்க்காதீர்கள். எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டும் நீளமா, தலை அமைதியாக இருக்கிறதா, ஓடி முடித்த பின் எவ்வளவு சீக்கிரம் மூச்சு அடங்குகிறது என்று பாருங்கள்.

தத்தமங்கலம் ‘அங்காடி வேலை’ திருவிழாக் குதிரையோட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கண். இது ஏலத்தில் உதவுமா? ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் அவசியமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தத்தமங்கலம்

உதவும் சார், குறிப்பாக நடை பார்க்க. குட்டியை உங்களை நோக்கி நடத்திவரச் சொல்லுங்கள், திரும்பிப் போகச் சொல்லுங்கள், பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுந்தால் நல்லது. முன்கால் முட்டி பின்னோக்கி வளைந்திருந்தால் முழு வேகத்தில் அந்த மூட்டுக்கு அடி அதிகம். ஜான் ஹென்றி என்ற குதிரைக்கு அப்படித்தான் இருந்தது, 1,100 டாலருக்கு விற்றார்கள், அது 65 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. சியாட்டில் ஸ்லூவுக்கும் வலது முன்கால் வெளியே திரும்பியிருந்தது. இருந்தாலும் என் காசு என்றால் நான் முட்டி வளைந்த குட்டியை எடுக்க மாட்டேன்.

எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் கட்டாயம். இங்கேதான் காசைச் செலவழிக்கச் சொல்வேன். எந்தக் குட்டி ஜெயிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எது தேறாது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். எண்டோஸ்கோப் குழாயை மூக்கு வழியாக விட்டுக் குரல்வளையைப் பார்க்கிறோம். சில குதிரைகளுக்கு இடப்பக்க நரம்பு தேய்ந்து அந்தப் பக்கம் சரியாகத் திறக்காது. உயரமான குதிரைகளில் இது அதிகம். லேசாக இருந்தால் பாதகமில்லை, முழுவதும் செயலிழந்திருந்தால் ஓடும்போது இரைச்சலோடு மூச்சுத் திணறும். எக்ஸ்ரேயில் மூட்டுக்குள் சிறு எலும்புத் துண்டு தெரிந்தாலே பயந்து ஓட வேண்டாம். பல துண்டுகள் தொல்லை தருவதில்லை, சிலவற்றைச் சிறு அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். இடத்தைப் பொறுத்தது. பார்க்கும் டாக்டர் விற்பவருடைய ஆளாக இருக்கக் கூடாது, அது முக்கியம்.

குட்டி மே மாதம் பிறந்தது, ஆளும் சின்னது. தள்ளிவிடலாமா?
— வாசகர், கோபாலபுரம்

எல்லாக் குட்டிக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது ஏறிவிடும். எனவே ஜனவரிக் குட்டிக்குப் பக்கத்தில் மே குட்டி நின்றால் நாலு மாதம் சின்னதாகத்தான் தெரியும். இரண்டு வயது ரேஸ்களில் அந்த வித்தியாசம் வலிக்கும், பிறகு கரைந்துவிடும். இந்தியன் டெர்பி நாலு வயதுக் குதிரைகளுக்கானது என்பதையும் நினைவில் வையுங்கள். நார்தர்ன் டான்சரைக் குட்டியாக 25,000 டாலருக்கு விற்கப் பார்த்தபோது, குள்ளம் என்று யாரும் எடுக்கவில்லை. 1964இல் அது கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. பொலிகுதிரையாக அது சாதித்தது அதைவிடப் பெரிது.

மரபணுச் சோதனை?
— வாசகர், வாளையார்

2010இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எம்மலின் ஹில் குழுவினர் தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் மரபணுவில் ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். குட்டி குறுந்தூரத்துக்கா, நடுத்தரமா, நெடுந்தூரத்துக்கா என்று அது நன்றாகவே காட்டுகிறது. அந்தத் தூரத்தில் முதலில் வருமா, கடைசியில் வருமா என்று காட்டாது. வாங்கிய பிறகு எந்த ரேஸில் விடுவது என்று தீர்மானிக்க உதவும்.

என் அண்ணன் பெங்களூர் லாயத்தில் குதிரைக்காரராக இருக்கிறார். “தீனி தின்கிற குட்டியாகப் பார்” என்கிறார். இதெல்லாம் ஒரு அளவா?
— வாசகர், கொல்லங்கோடு

நல்ல அளவு. பயிற்சி ஏற ஏறப் பல குதிரைகள் தீனியில் வாயை வைக்காது, எடை இறங்கும், ரேஸ் நாளில் காலியாக நிற்கும். ஆனால் இது ஏல மைதானத்தில் தெரியாது. முந்தின நாளே போய், குட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். ராத்திரி வைத்த தீனியில் காலையில் மிச்சம் இருக்கிறதா, புது இடத்தில் படுத்துத் தூங்குகிறதா, தனியாக விட்டால் கத்துகிறதா என்று கேளுங்கள். அண்ணனையும் கூட்டிப் போங்கள், உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள்.