‘சூழ்நிலைக்கேற்ப கலப்பு முறை’ என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் கணித ஆசிரியை. எங்கள் பள்ளி ஆசிரியர் சங்கத்தின் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். வரும் கல்வியாண்டுக்காக நிர்வாகம் இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. ‘சூழ்நிலைக்கேற்ப ஆசிரியர்கள் நேரடியாகவோ இணையவழியிலோ கலப்பு முறையிலோ கற்பிக்க வேண்டும், வேலை நேரத்திலும் ஊதியத்திலும் மாற்றமில்லை’ என்பதுதான் அதன் சாரம். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். படித்துப் பார்த்தால் தப்பாக எதுவும் தெரியவில்லை. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதிருக்கும் வடிவத்தில் போட வேண்டாம். நிர்வாகம் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ‘கலப்பு முறை’ என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. எந்த வேலைக்குச் சம்மதிக்கிறீர்கள் என்பதே அந்த இரண்டு பக்கத்தில் இல்லை.

முதலாவது, சுழற்சி முறை. வகுப்பில் பாதிப் பேர் இன்று வருவார்கள், மீதிப் பேர் நாளை வருவார்கள். வீட்டில் இருப்பவர்கள் கொடுத்த பயிற்சியைச் செய்துகொண்டிருப்பார்கள். இரண்டாவது, நேரில் வருபவர்களுக்கு ஓர் ஆசிரியர், வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னோர் ஆசிரியர். மூன்றாவதுதான் ஆளை உருக்கிவிடும்: ஒரே ஆசிரியர், ஒரே பீரியடில், எதிரே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் திரையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துப் பாடம் நடத்துவது.

இந்த மூன்றாவது வகை வகுப்பு ஒன்றில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பின்னங்களைக் கூட்டும் பாடம். இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி சரியான விடை சொன்னாள். அவள் குரல் மடிக்கணினியின் மைக்கில் விழவில்லை. ஆசிரியை அந்த விடையைத் திரும்பச் சொன்னார். அதற்குள் திரையில் ஒரு பையன், ‘மிஸ், போர்டு தெரியல’ என்று தட்டச்சு செய்திருந்தான். அவர் போய்க் கேமராவைத் திருப்பினார். திரும்பி வருவதற்குள் பின் பெஞ்சில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நான்கு கணக்குப் போடத் திட்டமிட்ட பீரியடில் இரண்டுதான் முடிந்தது. அவர் திறமையான ஆசிரியை. குறை அவரிடம் இல்லை. ‘வேலை நேரத்தில் மாற்றமில்லை’ என்ற வரியை எங்கே படித்தாலும் எனக்கு அந்த நாற்பது நிமிடம்தான் நினைவுக்கு வரும். நேரம் மாறவில்லை, உண்மைதான். வேலை இரண்டு மடங்காகியிருந்தது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது வரையறை. இது வெறும் சொல் விளையாட்டு இல்லை என்பதற்கு 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் போடப்பட்ட ஒப்பந்தங்களே சாட்சி. பெருந்தொற்றின்போது உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் படிப்பு தடைபட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. பள்ளிகளைத் திரும்பத் திறக்கும் கட்டத்தில் பல ஊர்களில் ஆசிரியர் சங்கங்களும் நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசி, பாடம் நடத்தும் முறையை வரிக்கு வரி எழுதின. லாஸ் ஏஞ்சலிஸில் 2021 வசந்த காலத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் காலை, பிற்பகல் என இரண்டு பிரிவாக வந்தார்கள். உயர்நிலை மாணவர்களோ பள்ளிக்கு வந்து, ஒரே அறையில் உட்கார்ந்து, மடிக்கணினி வழியாகத்தான் பாடம் கேட்டார்கள். இரண்டுக்கும் பெயர் கலப்பு முறைதான்! ‘நேரடி’ என்ற சொல்லை நம்பிப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் மனதில் வேறு படம் இருந்திருக்கும்.

நியூயார்க் இன்னொரு பாடம். அங்கே நேரில் வரும் பிள்ளைகளுக்கும் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி ஆசிரியர்கள் என்ற வழியில் 2020இல் திட்டமிட்டார்கள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நல்லதுதான். ஆனால் அதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று கூட்டிப் பார்த்தபோது ஆள் போதவில்லை. அந்த செப்டம்பரில் பள்ளிகளை நேரடியாகத் திறப்பது தள்ளிப்போனதற்கு ஆள் பற்றாக்குறையும் ஒரு முக்கியக் காரணம். எனவே ‘ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு கூடாது’ என்று கேட்கப் போகும் முன், உங்கள் டைம்டேபிளை மேசையில் விரித்து, பாடவாரியாக ஆட்களை எண்ணுங்கள். எண்ணிக்கை இடித்தால், எந்த வகுப்புகளுக்கு மட்டும், வாரத்துக்கு எத்தனை பீரியட் வரை, யார் உதவியோடு என்று வரம்பு கட்டுங்கள். உதவியாளர் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டாலே பாரம் பெரிதும் குறையும்.

அடுத்து, ‘சூழ்நிலைக்கேற்ப’. சூழ்நிலை மாறிவிட்டது என்று யார் முடிவு செய்வது? எதை வைத்து? எவ்வளவு நேரம் முன்னதாகச் சொல்வார்கள்? சிகாகோவில் 2021 பிப்ரவரியில் எட்டிய உடன்பாட்டில் மழலையர் வகுப்புகளும் சிறப்புக் கவனம் தேவைப்படும் சில மாணவர் பிரிவுகளும் முதலில் திரும்பின. ஐந்தாம் வகுப்பு வரை மார்ச் 1இலும், ஆறு முதல் எட்டு வரை மார்ச் 8இலும் திரும்புவதென்று தேதி குறித்தார்கள். நோய்ப் பரவல் எந்த அளவுக்குப் போனால் திரும்ப நிறுத்துவது என்பதற்கும் அளவுகோல் வைத்தார்கள். உங்கள் ஊரில் காரணம் நோயாக இல்லாமல் வெள்ளமாகவோ வெயிலாகவோ இருக்கலாம். எதுவானாலும் அளவுகோல் காகிதத்தில் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘நாளை ஆன்லைன்’ என்று வருவது அறிவிப்பு ஆகாது. அவசரமில்லாத மாற்றத்துக்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் கேளுங்கள். அவசரம் என்றால், முதல் நாளைப் புதுப் பாடம் எடுக்காமல் தயாரிப்புக்கு விடலாம்.

தயாரிப்பு நேரம்தான் எல்லாவற்றிலும் பெரிது. ஆனால் பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுப்பதும் இதைத்தான். கரும்பலகையில் நடத்தும் பாடத்தை அப்படியே திரைக்குத் தூக்கிப் போக முடியாது. வினாத்தாள், பயிற்சித்தாள், வராதவர்களுக்குத் தனிக் குறிப்பு என்று எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். ஊதிய உயர்வையும் தயாரிப்பு பீரியடையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் யோசிக்காமல் பீரியடைக் கேட்பேன். களைத்துப்போன ஆசிரியரிடம் பிள்ளை கற்பது குறைவு.

பதிவு செய்வது பற்றியும் ஒரு வரி வேண்டும். வகுப்பை யார் பதிவு செய்யலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், அதை ஆசிரியரின் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தலாமா? பேசாமல் விட்டால், பிள்ளைகளின் முகமும் வீடும் தெரியும் காணொளிகள் எங்கே போகின்றன என்றே தெரியாது. கருவி, இணையச் செலவு பள்ளியைச் சேர்ந்தது என்றும் எழுதிவிடுங்கள்; இதில் பெரும்பாலும் தகராறு வராது.

அப்புறம், முடிவுத் தேதி. உங்கள் ஒப்பந்தத்தில் அது இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் அவசரமாகப் போட்ட உடன்பாட்டில் நேரலை வகுப்பு கட்டாயமில்லை. ஆகஸ்டில் போட்டதிலோ காலை 9 முதல் 2:15 வரை என்று நேரமே வகுத்துவிட்டார்கள். நான்கே மாதத்தில் தேவை அவ்வளவு மாறியது. அதனால் ஒரு கல்வியாண்டோடு தானாகக் காலாவதியாகும்படியும், நடுவில் ஒருமுறை இரு தரப்பும் உட்கார்ந்து பார்க்கும்படியும் எழுதச் சொல்லுங்கள். நிர்வாகத்துக்கும் இது பாதுகாப்புதான்.

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சட்டம் தரும் உரிமைகளை நீங்களும் நிர்வாகமும் சேர்ந்துகூடக் குறைக்க முடியாது. அவர்களுக்கு எந்த முறை பொருந்தும் என்பதைப் பெற்றோரோடு தனித்தனியாகப் பேசி முடிவு செய்வதாக ஒரு வரி சேருங்கள். வேலைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், இறுதி வரைவை உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, இந்தப் பத்து நாளில் என்ன செய்வது? மறுப்புக் கடிதம் அனுப்பாதீர்கள். கலப்பு முறை என்றால் எது, மாற்றத்தை யார் எப்போது அறிவிப்பார், தயாரிப்புக்கு எத்தனை பீரியட், எந்தத் தேதியில் முடியும் என்ற நான்கு கேள்விகளை எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் கேளுங்கள். பதில்களை அப்படியே ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்க நிர்வாகம் ஒத்துக்கொண்டு, அந்தப் பதில்கள் உங்கள் சக ஆசிரியர்களுக்கும் சம்மதமானால், அன்றைக்குக் கையெழுத்துப் போடுங்கள்.