மட்கு உரம் முதிர்ந்த பிறகே பாத்திக்கு வரட்டும்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் சமையலறைக் கழிவைக் குழியில் கொட்டி மட்க வைக்கிறோம். துர்நாற்றம் வீசுகிறது. இரண்டு மாதங்களில் அதை எடுத்துப் பாத்தியில் கலந்து கத்தரி நாற்று நட்டோம், இலைகள் மஞ்சளாகிவிட்டன. என்ன செய்வது?

பதில்: குழியில் மட்குதல் முறையாக நடக்கவுமில்லை, முடியவுமில்லை என்பதையே இவ்விரண்டும் காட்டுகின்றன. காய்கறிக் கழிவில் நீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மிகுதி. அதை மட்டுமே கொட்டினால் குவியல் அமுங்கி, உள்ளே காற்றுப் புகாமல் அழுகத் தொடங்குகிறது. அப்போது உண்டாகும் அமிலங்கள் இளம் வேர்களைத் தாக்குகின்றன. மண்ணில் கலந்த பின்னும் மட்குதல் தொடர்வதால், வேருக்கு வேண்டிய உயிர்வளியை நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்கின்றன.

பச்சைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு, மூன்று பங்கு சேருங்கள். சருகில் மிகுந்துள்ள கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் எடையளவில் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்தால் நுண்ணுயிர்கள் நன்கு பெருகும். நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அளவுள்ள குவியல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும். உள்வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சில நாட்கள் நீடித்தால் பெரும்பாலான களை விதைகளும் நோய்க் கிருமிகளும் மடியும். ஓரத்தில் இருப்பதும் நடுவுக்கு வர வேண்டுமாதலால் வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டும் கசிய வேண்டும். இறைச்சியும் எண்ணெய்ப் பண்டங்களும் எலிகளை வரவழைக்கும். அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

நன்கு கிளறிய குவியலுக்கே, சூடு தணிந்து முதிர்வதையும் சேர்த்து, மூன்று நான்கு மாதங்கள் பிடிக்கும். ஆகவே விதைப்புக் காலத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் குவியலைத் தொடங்குங்கள். பலர் சேர்ந்து பராமரிக்கும் தோட்டத்தில் ஒன்றில் நிரப்ப, ஒன்றில் முதிர, ஒன்றிலிருந்து எடுக்க என மூன்று தொட்டிகள் அவசியம் என்றே சொல்வேன், ஏனெனில் ஒரே குழியில் நாள்தோறும் புதுக் கழிவு விழுந்துகொண்டிருந்தால் எதுவும் முழுமையாக மட்காது. ஐயமிருந்தால், சிறிதளவு ஈரமான உரத்தைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் கழித்துத் திறந்து பாருங்கள்: மண்வாசம் வந்தால் பயன்படுத்தலாம், புளித்த வாடை வந்தால் காத்திருங்கள்.

இப்போதுள்ள நாற்றுகளைச் சுற்றி மண்ணை இலேசாகக் கொத்திக் காற்றோட்டம் கொடுங்கள், நீரைக் குறையுங்கள். வேர் அழுகாதவை துளிர்க்கும்.

கேள்வி: அதே பாத்தியில் வெண்டையும் கேரட்டும் சேர்த்து விதைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெண்டை விதை வெதுவெதுப்பான மண்ணில்தான் நன்கு முளைக்கும். கேரட் குளிர்ந்த பருவத்தில் விளைவது. மேலும், மட்காத பொருள் கலந்த மண்ணில் கேரட்டின் வேர் கிளைத்துக் கோணலாகும். இந்தப் பருவம் உரமிட்டு வெண்டையை எடுத்துக்கொண்டு, குளிர் தொடங்கியதும் அதே பாத்தியில் புதிதாக உரமிடாமல் கேரட்டை விதையுங்கள்.