ஸ்கேன் சொல்ற நம்பரை நம்பலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்கப்பா தோட்டத்துல வேலை செஞ்சி ரிட்டையர் ஆனவரு, இனிப்பு நீர் இருக்கு. எம்ஆர்ஐ எடுத்தப்ப ஈரல்ல கொழுப்பு 14 சதவீதம்னாங்க, பிறகு வேற எடத்துல எடுத்தா 12-ன்னு வருது. நெசமாவே கொறஞ்சிருக்கா, இல்ல மெஷின் மாறுனதாலயா? மெஷின் சரியா சொல்லுதான்னு எப்படி பாப்பாங்க?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு சதவீதம் முன்னபின்ன வரும், அத மட்டும் வச்சி கொறஞ்சிடுச்சின்னு சொல்ல முடியாது. பொதுவா 5 சதவீதத்துக்கு மேல போனாலே கொழுப்பு ஈரல்னுதான் சொல்றாங்க, அப்பாவுக்கு ரெண்டு தடவையும் மேலதான் இருக்கு, அதனால டாக்டர் சொன்ன மருந்தையும் நடையையும் விட்டுடாதீங்க, முடிஞ்சா அடுத்த தடவ அதே மெஷின்ல எடுங்க.

மெஷினை பாக்குற விஷயம்: ரப்பர் பால் நிறுக்குற தராசு சரியான்னு எடைக்கல்லு வச்சி பாப்பாங்கல்ல, எம்ஆர்ஐக்கு அந்த எடைக்கல்லுதான் ஃபாண்டம். 0, 5, 10, 20, 30 சதவீதம்னு கொழுப்பு அளவு நமக்கு முன்கூட்டியே தெரிஞ்ச குப்பிங்கள உள்ள வச்சி ஸ்கேன் எடுத்து, நாம ஊத்துனதும் மெஷின் சொல்றதும் ஒத்து வருதான்னு பாக்கணும். கொழுப்புக்கு மட்டுமில்ல, டி1, டி2-ன்னு சொல்ற நேரங்கள (ஸ்கேன்ல திசு பழைய நிலைக்கு திரும்பவும், சிக்னல் அடங்கவும் ஆகுற நேரம்) மெஷின் சரியா அளக்குதான்னு பாக்க, அமெரிக்காவுல அளவு தரத்த பாத்துக்குற நிஸ்ட் நிறுவனம் சேந்து உருவாக்குன ஃபாண்டம்ல நிக்கல் குளோரைடு, மாங்கனீசு குளோரைடு கரைசல் நெறப்புன உருண்டைங்க வரிசையா இருக்கும். நீங்க ஸ்கேன் எடுக்குற எடத்துல ஃபாண்டம் வச்சி சோதிக்கிறாங்களான்னு தாராளமா கேளுங்க, அது உங்க உரிமை.

கேள்வி: நான் ரேடியோகிராஃபி படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு கொழுப்பு ஃபாண்டம் செய்யலாம்னு இருக்கேன். பாசார்ல கிடைக்கிற அகார் அகார் தூளும் நம்ம செம்பனை எண்ணெயும் போதுமா? ஈரல் மாதிரியே அச்சு 3டி பிரிண்ட் பண்ணணுமா?
– மாணவர், அதே ஊர்

பதில்: தம்பி, அச்சுக்கு காசு செலவு பண்ணாதீங்க. ஈரல் மாதிரி தெரியணும்னு இல்ல, மெஷினுக்கு ஈரல் மாதிரி நடந்துக்கணும், அதான் முக்கியம்.

அகார் தூள் சரிதான், சீனி, கலர் கலக்காததா பாத்து வாங்குங்க, தண்ணியில 2 சதவீதம் போட்டா போதும். ஆனா செம்பனை எண்ணெய் வேணாம், நம்ம ஊரு சுத்தி அதுதான் இருக்குன்னு ஆசையா இருக்கும், எனக்கும் புரியுது, ஆனா அதுல பாதிக்கு பாதி நிறைவுற்ற கொழுப்பு, ஏர்கான் போட்ட ஸ்கேன் ரூம்ல கொஞ்சம் கொஞ்சமா உறைய ஆரம்பிச்சிடும், உறைஞ்ச கொழுப்போட சிக்னல் மெஷின் படிக்கிறதுக்குள்ளயே செத்துடும், அப்ப நீங்க 20 சதவீதம் ஊத்தியிருந்தாலும் கம்மியாத்தான் காட்டும். கடலை எண்ணெய் எடுங்க, அது திரவமாவே இருக்கும், அதோட சிக்னலும் மனுஷ கொழுப்போட சிக்னலுக்கு ரொம்ப கிட்ட வருது, ஆராய்ச்சி பண்றவங்களும் அதத்தான் எடுக்குறாங்க.

எண்ணெயும் தண்ணியும் சேர சோப்பு மாதிரி வேலை செய்யுற சோடியம் டோடெசில் சல்ஃபேட், கெடாம இருக்க சோடியம் பென்சோயேட். அகார் கரைய 85 டிகிரிக்கு மேல சூடு வேணும், ஆனா உறையுறது 40-க்கு கீழதான், அந்த இடைவெளியிலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க, எண்ணெயையும் சூடு பண்ணிட்டு கலக்கணும், பச்சை எண்ணெய ஊத்துனா அங்கங்க கட்டி தட்டிடும். வேகமா அடிச்சா நுரை வரும், ஒரு சின்ன காத்து குமிழி இருந்தாலும் சுத்தி காந்தப்புலம் கலைஞ்சி போய் அந்த குப்பியே வீண். ஊத்துன பிறகு உறையுற வரைக்கும் குப்பிய மெதுவா திருப்பிக்கிட்டே இருங்க, இல்லன்னா எண்ணெய் மேல மிதந்துடும்.

இத்தோட நிறுத்திடாதீங்க. சுத்தமான எண்ணெய்-தண்ணி குப்பிய பெரும்பாலான மெஷின் சரியா படிச்சிடும், ஆனா நெசமான ஈரல்ல இரும்பும் இருக்கு, அது சிக்னல சீக்கிரம் அணைச்சிடும், அதனால ஒரு செட்டுல இரும்பு ஆக்ஸைடு நுண்துகளோ மாங்கனீசு குளோரைடோ சேத்து செய்யுங்க. அதுல தப்பு பண்ற மெஷின்தான் மனுஷன்லயும் தப்பு பண்ணும். மாங்கனீசு விஷம், வீட்டு குசினியில வேணாம், லேப்ல மட்டும்.

சூட்டையும் கவனிங்க. தண்ணி சிக்னலுக்கும் கொழுப்பு சிக்னலுக்கும் 37 டிகிரி உடம்புல அதிர்வெண்ல 3.4 பிபிஎம் (பத்து லட்சத்துல 3.4 பங்கு) இடைவெளி, சூடு கொறைஞ்சா தண்ணி சிக்னல் டிகிரிக்கு 0.01 பிபிஎம் நகரும், கொழுப்பு நகராது, அதனால 20 டிகிரி ரூம்ல அது 3.57 கிட்ட வந்துடும். சாஃப்ட்வேர் உடம்புன்னு நெனச்சி 3.4 வச்சே கணக்கு பண்ணும், அப்ப கொழுப்பு நம்பர் தப்பா வரலாம். வெயில்ல கொண்டு போன ஃபாண்டத்த ஒரு ராத்திரி ஸ்கேன் ரூம்லயே வச்சிட்டு, சூட்ட அளந்து எழுதிட்டு எடுங்க.

கேள்வி: பேசாம ஆட்டு ஈரலயே வச்சி சோதிக்கலாமே?
– வாசகர், அதே ஊர்

பதில்: அதுல கொழுப்பு எவ்வளவுன்னு லேப்ல பிரிச்சி பாத்தாதான் தெரியும், ரெண்டொரு நாள்ல கெட்டும் போயிடும், அடுத்த மாசம் அதே ஈரல வச்சி மறுபடி அளக்க முடியாது. நல்லா மூடி வச்ச அகார் குப்பி மாசக்கணக்குல இருக்கும், காஞ்சி போகுதான்னு மட்டும் அப்பப்ப எடை போட்டு பாத்துக்கணும்.